நான்கு நாளில் சுற்றும் வியாழன்

அன்புள்ள ஐயா,

மகாமகம் பற்றிய உங்கள் கட்டுரையில், வேறொரு நட்சத்திரத்தை 4 நாளில் சுற்றிவிடும் வியாழன் மாதிரி கிரகம் ஒன்று உண்டு என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அதை யாருமே பார்த்ததில்லையாம். பார்க்காமல் எடை, சுற்றும் நாள் எல்லாம் எப்படிச் சொல்கிறார்கள்? ஆலங்குடிக்கு வருஷம் தவறாமல் குருப்பெயர்ச்சிக்குப் போகும் என் சித்தப்பா, "அதுவும் நம்பிக்கைதானேடா" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆடுதுறையிலிருந்து ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

சித்தப்பாவோடு சண்டை வேண்டாம். குரு எந்த ராசிக்கு எப்போது போகிறார் என்பது கணக்கு, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். போனால் என்ன பலன் என்பதுதான் நம்பிக்கை. நீங்கள் கேட்பது முதல் வகை.

கிரகம் மட்டும் நட்சத்திரத்தைச் சுற்றுவதில்லை. கிரகத்தின் இழுப்பில் நட்சத்திரமும் கொஞ்சம் ஆடும். நம் வியாழன் சூரியனை நொடிக்குச் சுமார் 12.5 மீட்டர் வேகத்தில் ஆட்டுகிறது. அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர், கும்பகோணம் டவுன் பஸ் வேகம்தான். நட்சத்திரம் நம்மை நோக்கி வரும்போது அதன் ஒளியை நிறங்களாகப் பிரித்தால் தெரியும் கருங்கோடுகள் நீலப் பக்கமும், விலகும்போது சிவப்புப் பக்கமும் துளி நகரும். அந்த நகர்வை அளந்தால் ஆட்டத்தின் வேகம் கிடைக்கும், அதை வைத்துக் கிரகத்தின் எடையைக் கணக்கிடலாம். ஒரு ஆட்டம் முடிய ஆகும் காலம்தான் கிரகத்தின் வருடம்.

ஆனால் வியாழன் ஒரு சுற்று முடிக்க ஏறக்குறைய 12 வருடம். 2016 மகாமகத்தில் அளக்க ஆரம்பித்தால் 2028 மகாமகத்தில்தான் ஒரு ஆட்டம் முழுதாகத் தெரியும். பெரிய கிரகம் என்றால் இப்படித் தொலைவில்தான் இருக்கும் என்று பலரும் நீண்ட காத்திருப்புக்குத் தயாராக இருந்தார்கள். நட்சத்திரத்தை ஒட்டியே பெரிய கிரகம் இருக்கலாம், இப்போதே தேடலாம் என்று ஓட்டோ ஸ்ட்ரூவ என்ற வானியலாளர் 1952-லேயே எழுதியும் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமே இதுதான்.

1995-ல் மிஷேல் மேயர், திதியே கெலோ என்ற வானியலாளர்கள் பிரான்ஸிலிருந்து 51 பெகாசி நட்சத்திரத்தைப் பார்த்தபோது அது நொடிக்கு 50 மீட்டருக்கும் மேல் ஆடியது. ஒரு ஆட்டத்துக்கு 4.2 நாள். கிரகத்தின் எடை வியாழனில் ஏறக்குறைய பாதிக்குக் குறையாது. செய்தி வந்ததும் அமெரிக்காவில் இதே வேலையில் இருந்த குழு லிக் ஆய்வகத்தில் பார்த்து, சில நாட்களிலேயே உறுதி செய்தது. 2019-ல் மேயருக்கும் கெலோவுக்கும் நோபல் கிடைத்தது.

"குறையாது" என்றேன். சுற்றுப்பாதை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரியாததால், இந்த முறையில் குறைந்தபட்ச எடைதான் கிடைக்கும். அதற்கு விடை 1999-ல் வந்தது. எச்.டி. 209458 என்ற வேறொரு நட்சத்திரத்தின் வெளிச்சம் மூன்றரை நாளுக்கு ஒருமுறை ஒன்றரை சதவீதம் மங்கியது. கிரகம் குறுக்கே போகிறது! அப்படியானால் பாதை கிட்டத்தட்ட நம் நேர்ப்பார்வையில் இருக்கிறது, எடையில் சந்தேகமில்லை. மங்கும் அளவு கிரகத்தின் பருமனைச் சொல்லிவிடும். எடையைப் பருமனால் வகுத்தார்கள்: தண்ணீரின் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்குதான், வெறும் வாயு உருண்டை. குறுக்கே போகும்போது நட்சத்திர ஒளி அதன் காற்று மண்டலத்தில் வடிகட்டி வருமல்லவா, அதில் ஹப்பிள் தொலைநோக்கி சோடியத்தைக் கண்டுபிடித்தது. 2022-ல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி, சுமார் 700 ஒளியாண்டு தள்ளியிருக்கும் வாஸ்ப்-39பி கிரகத்தில் கார்பன் டை ஆக்சைடைக் கண்டது.

முதலில் அகப்பட்டதால் இந்த மாதிரி கிரகங்கள்தான் அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள். சூரியன் போன்ற நட்சத்திரங்களில் நூற்றுக்கு ஒன்றில் இருந்தால் அதிகம். வேகமாகச் சுற்றுவதால் சுலபமாக மாட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

அப்புறம், வேறு நட்சத்திரங்களின் கிரகம் எதையுமே யாரும் பார்த்ததில்லை என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. எச்.ஆர். 8799 நட்சத்திரத்தைச் சுற்றும் பெரிய கிரகங்களை 2008-ல் படமே எடுத்துவிட்டார்கள். புள்ளிகள்தான். பத்திரிகைகளில் வரும் வண்ணப் படங்களெல்லாம் ஓவியர்கள் வரைந்தவை. அதை அடியில் பொடி எழுத்தில் போடாமல் கொஞ்சம் பெரிதாகப் போட்டால் என்ன?

சித்தப்பாவுக்குப் பூரட்டாதி தெரிந்திருக்கும். மார்கழி முன்னிரவில், ஊர் விளக்குகளைத் தாண்டி வயல் பக்கம் போய், உச்சிக்குச் சற்று மேற்கே பாருங்கள். பூரட்டாதியின் இரண்டு நட்சத்திரங்களுக்கு ஏறக்குறைய நடுவில், கொஞ்சம் மேற்கே தள்ளி மங்கலாக இருப்பது 51 பெகாசி. வெறும் கண்ணுக்குச் சிரமம், பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள்.