லூபின் பூச்செடியைச் சென்னையில் விதை போட்டு வளர்க்க முடியுமா?

எனக்கு முளைத்தது, பூக்கவில்லை. திருவொற்றியூரில் மொட்டை மாடித் தோட்டம். ஆன்லைனில் வாங்கிய லூபின் விதையை உப்புத்தாளில் லேசாக உரசி, ஒரு ராத்திரி ஊறவைத்து ஜனவரியில் போட்டேன். பன்னிரண்டில் ஏழு முளைத்தன. விரல்களை விரித்த மாதிரி இலை. தண்ணீர் தெளித்தால் நடுவில் ஒரு சொட்டு உருண்டு நிற்கும். நாற்றுத் தட்டிலிருந்து பெரிய தொட்டிக்கு மாற்றினேன், நாலு போய்விட்டது. ஆணிவேர்ச் செடி, இடம் மாற்றினால் தாங்காது. மிச்சத்தை மார்ச் வெயில் பார்த்துக்கொண்டது.

அமெரிக்காவில் டெக்சாஸ்காரர்கள் 1901லேயே மாநில மலராக்கிக்கொண்டது நீலமாகப் பூக்கும் ஒரு லூபின் வகையைத்தான். அங்கே இலையுதிர் காலத்தில் முளைத்து, குளிர் முழுக்கத் தரையோடு படுத்துக் கிடந்து, வசந்தத்தில் பூக்கும். நம்மூரில் அந்தக் குளிருக்கு எங்கே போவது?

சரி, காட்டுப்பூதான் வேண்டும், அதுவும் நீலத்தில் என்றால் கிலுகிலுப்பை போடுங்கள். லூபின் மாதிரியே அவரைக் குடும்பம், பூவும் அதே மாதிரி அடுக்கடுக்காக நிற்கும். வயலில் பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் சணப்பு இதற்கு ஒன்றுவிட்ட அண்ணன். மஞ்சள் பூ வகையும் உண்டு. எனக்குப் பிடித்தது வெளிர்நீலம்தான். எண்ணூர் போகும் வழியில் ஒரு காலி மனையில் காய் பொறுக்கி வந்தேன்.

இதற்கும் விதைத்தோல் கெட்டி. அதே உரசல், அதே ஊறல். காலையில் பார்த்தால் சில விதை உப்பியிருக்கும், சில அப்படியே கல்லாகக் கிடக்கும். கல்லை மறுபடி உரசுங்கள். மழை தொடங்கும் முன், செப்டம்பர் கடைசியில், செடி நிற்கப்போகும் தொட்டியிலேயே அரை அங்குல ஆழத்தில் ஊன்றிவிடுங்கள். பாதிக்குப் பாதி மணல் கலந்த மண் போதும். யூரியா வேண்டாம், தழைச்சத்தை வேரே பார்த்துக்கொள்ளும். ஒரு செடியைப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கீறினேன், உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறம் தெரிந்தால், தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பாக்டீரியா உள்ளே வேலை செய்கிறது என்று அர்த்தம்.

பூத்ததும் நீல வரியன் பட்டாம்பூச்சிகள் வந்து மொய்த்தன. செடியில் இருக்கும் நச்சுப்பொருளுக்காகத்தான் வருகின்றன. அதே நச்சு ஆடு மாட்டுக்கு ஆகாது. குழந்தை இருக்கும் வீடென்றால் விதையை எட்டாத இடத்தில் வையுங்கள்.

மாசியில் காய் காய்ந்து கடல்காற்றில் ஆட ஆரம்பித்தது. அம்மா கீழிருந்து, “மாடியில யாருடா கொலுசு போட்டுக்கிட்டு நடக்கறது?” என்றாள். அந்தச் சத்தம் கேட்டதும் பறித்துவிடுங்கள், விட்டால் வெடித்துச் சிதறிவிடும்.