கோயில் முற்றத்தில் கட்டிவைத்து அடித்தால் அது ஊர் வழக்கமா, குற்றமா?

கேள்வி: அக்காவின் மகனுக்கு 13 வயது. வைகாசிச் சடங்கு நேரம் கண்ணகி அம்மன் கோயில் உண்டியலில் 2,400 ரூபா எடுத்தான் என்று முற்றத்துத் தென்னையில் கட்டி, நிர்வாகத்தில் மூன்று பேர் பிரம்பால் அடித்திருக்கிறார்கள். "அம்மன் காசில் கை வைத்தால் அம்மன் முன்னால்தான் தண்டனை, இது ஊர் வழக்கம்" என்கிறார்கள். அத்தானும் "அடியுங்கோ, திருந்தட்டும்" என்றாராம். பொலிசுக்குப் போனால் எங்கள் குடியிடம் (தாய்வழிக் குலத்திடம்) கோயில் வரி வாங்க மாட்டார்களாம். என்ன செய்வது?
தாய்மாமன், அம்பாறை கரையோரம்

பதில்: குற்றம்தான் தம்பி, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் முதலில் பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், மிச்சத்தை அங்கே வரிசையில் இருக்கும்போது வாசிக்கலாம். "விழுந்திட்டான்" என்று சொல்லாமல் அடித்தார்கள் என்றே சொல்லுங்கள், அப்போதுதான் சட்ட வைத்திய அதிகாரி பார்த்து அறிக்கை எழுதுவார். பத்து நாள் கழித்து என்னிடம் வந்த ஒரு தாய் இருந்தார், அந்த நேரம் தடமெல்லாம் மங்கி அறிக்கையில் எழுத ஒன்றும் இருக்கவில்லை. இப்போதே திகதியோடு படமும் எடுத்து வையுங்கள்.

சரி, வழக்கம் என்கிற கதைக்கு வருவோம். எங்கள் இலங்கை அரசியலமைப்பில் 10 ஆம் உறுப்புரை எந்தத் தெய்வத்தையும் நம்பும் சுதந்திரத்தைத் தருகிறது, அதில் யாரும் கை வைக்க முடியாது. அந்த நம்பிக்கையைச் செயலில் காட்டும் உரிமை 14 இல் வருகிறது, அதற்குத்தான் மற்றவர்களின் உரிமை, பொது ஒழுங்கு என்று எல்லை போட்டிருக்கிறார்கள். பாண்டிருப்புக் கோயிலில் வயதுவந்த ஒருவர் தன் நேர்த்திக்குத் தானே தீ மிதிக்கிறார், அது அவருடைய கால். இங்கே அடி விழுந்தது வேறொருவரின் முதுகில், அதுவும் ஒரு பிள்ளையின் முதுகில். பள்ளிவாசலில் நடந்தாலும் சேர்ச்சில் நடந்தாலும் என் பதில் மாறாது.

இன்னொன்று, நீதவானே ஒருவருக்குப் பிரம்படித் தீர்ப்புக் கொடுக்க முடியாது, 2005 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டத்தோடு அந்தத் தண்டனை ஒழிந்துவிட்டது. நீதவானுக்கே இல்லாத பிரம்பு கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கருக்கு எங்கிருந்து வந்தது? 12 வயதுக்குக் கீழே என்றால் குற்றப் பொறுப்பே இல்லை, 12க்கும் 14க்கும் இடையில் பிள்ளையின் முதிர்ச்சியை நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்று 2018 இல் திருத்தினார்கள். அவன் எடுத்தானா இல்லையா என்பதே இன்னும் விசாரிக்கப்படவில்லை. (வைகாசியில் அதே கோயிலில்தான் விடிய விடிய கண்ணகியின் கதையான வழக்குரை படிக்கிறார்கள். கள்வன் என்ற பேச்சை நம்பி விசாரிக்காமல் தண்டித்த பாண்டியனுக்கு என்ன நடந்தது என்று ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.)

அடித்தவர்கள் மீது தண்டனைச் சட்டக்கோவைப்படி காயப்படுத்தியது, கட்டிவைத்தது இரண்டுக்கும் முறைப்பாடு கொடுக்கலாம். 308அ பிரிவு இன்னும் பாரமானது: 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ அவர் வேண்டுமென்றே தாக்கினாலோ தாக்க வைத்தாலோ இரண்டு முதல் பத்து ஆண்டு வரை சிறை. அத்தானின் "அடியுங்கோ" அவர்களைக் காப்பாற்றாது, அவரையும் சேர்த்து மாட்டிவிடக்கூடும். இதை அக்காவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிறகு பொலிசில் வைத்துத் தெரியவந்தால் அவர் பின்வாங்கிவிடுவார்.

பொலிசில் சிறுவர், பெண்கள் பணியகத்துக்குப் போய் முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லி, வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள், விளங்காத மொழியில் எழுதியதில் வைக்க வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். "கோயில் விசயம், பேசித் தீருங்கோ" என்று திருப்பி அனுப்பினால் 1929க்கு எடுங்கள், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலவச இலக்கம் அது, இரவிலும் எடுப்பார்கள்.

வரி விசயம் எனக்கும் விளங்குகிறது, குடிக்கு அது மானப் பிரச்சினை. ஆனாலும் முறைப்பாட்டாளரை மிரட்டுவது தனிக் குற்றம், 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்புத் தருகிறது. யார், எப்போது, என்ன சொன்னார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். அப்புறம், அந்த 2,400 ரூபாவை இப்போது கட்டிவிட்டு "பிரச்சினை முடிந்தது" என்று நிர்வாகம் நீட்டும் கடிதத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.