குடியுரிமைக்கு வழக்கறிஞர் வேண்டுமா? 4,800 வெள்ளி கேட்கிறார் ஆலோசகர்

கேள்வி: எனக்கு வயது 42. சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம், இப்போது சிங்கப்பூரில் உட்லண்ட்ஸில் குடியிருக்கிறோம். நான், மனைவி, 14 வயது மகன் மூவரும் ஆறு ஆண்டுகளாக நிரந்தரவாசிகள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் குடியுரிமைக்கு விண்ணப்பித்தோம். காரணம் எதுவும் சொல்லாமல் நிராகரித்துவிட்டார்கள். தேக்கா பக்கம் ஒரு குடிநுழைவு ஆலோசகர், 4,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டினால் தன்னிடம் இருக்கும் வழக்கறிஞர் மூலம் முடித்துத் தருவதாகவும், கிடைக்காவிட்டால் பணம் வாபஸ் என்றும் சொல்கிறார். என் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் வேறு மாதிரி. வழக்கறிஞர் வைப்பது நல்லதா? குடியுரிமை எடுத்தால் பையன் தேசிய சேவைக்கு (ராணுவம் போன்றவற்றில் கட்டாயப் பணி) போகவேண்டி வருமே என்று மனைவி தயங்குகிறார்.

பதில்: அந்த 4,800 வெள்ளியைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால் ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

விண்ணப்பக் கட்டணம் 100 வெள்ளி. அது திரும்பக் கிடைக்காது. ஒப்புதல் வந்தபின் குடியுரிமைச் சான்றிதழுக்கு 70 வெள்ளி, இளஞ்சிவப்பு அடையாள அட்டைக்கு 10 வெள்ளி. அரசாங்கம் கேட்பது இவ்வளவுதான். விண்ணப்பம் முழுக்க இணையத்தில், உங்கள் சொந்த சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) வழியாகப் போகிறது. ஆலோசகர் செய்யப்போவதெல்லாம் உங்களிடமே தாள்களை வாங்கி, உங்கள் சிங்பாஸில் நுழைந்து, நீங்களே நிரப்பக்கூடிய பெட்டிகளை நிரப்புவது. சிங்பாஸ் கடவுச்சொல்லையோ ஓடிபியையோ கேட்கிற ஆளிடமிருந்து அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் மத்திய சேமநிதிக் கணக்கு, வருமான வரி, வீடு எல்லாம் அந்த ஒரு சாவியில்தான் திறக்கின்றன.

‘பணம் வாபஸ்’ என்பதன் உள்குத்து ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கும். ‘ஆவணத் தயாரிப்பு’, ‘சுயவிவர மதிப்பீடு’ என்று பெரிய தொகையைத் தனியாகப் பிரித்து அதற்கு வாபஸ் இல்லை என்பார்கள். அல்லது வாபஸுக்குப் பதில் ‘இலவச மறுவிண்ணப்பம்’ என்பார்கள். அதற்கும் அந்த 100 வெள்ளியைக் கட்டப்போவது நீங்கள்தான். முடிவு தெரிய ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம் என்பதால், அதற்குள் கடையே காலியாகியிருக்கவும் கூடும். குடியுரிமை விண்ணப்பங்களைக் கவனிக்கும் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையமான ஐசிஏவில் ஆள் இருக்கிறது என்பவரிடம் பேச்சே வேண்டாம். எந்த ஆலோசகர் வழி வந்தாலும் விண்ணப்பத்துக்குத் தனி வரிசையோ சலுகையோ கிடையாது. ஏமாந்துவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரையிலான தொகையை இரண்டு ஆண்டுகளுக்குள் கேட்கலாம். ஆனால் கையெழுத்துப் போட்ட தாள் உங்களுக்கு எதிராக இருந்தால் அங்கும் சிரமம்தான்.

இன்னொரு புது வியாபாரம் கிளம்பியிருக்கிறது: தொண்டூழியச் சான்றிதழ், நன்கொடை ரசீது, பிரமுகர் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்துக் கல்யாண ஆல்பம் போல ஒரு தொகுப்பு. கடைசி மாதத்தில் அள்ளிச் சேர்த்த தொண்டூழியம் தாளைப் பார்த்தாலே தெரியும். பரிந்துரைக் கடிதம் வேண்டுமானால் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போங்கள். அங்கே கடிதம் இலவசம். முடிவு மட்டும் அப்போதும் ஐசிஏவுடையதுதான். ஆங்கில நேர்காணல் பயிற்சி என்றும் சிலர் பணம் கறக்கிறார்கள். உங்களைப் போன்றவர்களுக்குப் பொருந்துவது அரசமைப்புச் சட்டத்தின் 123ஆம் பிரிவு. அது கேட்பது மலாய், ஆங்கிலம், மாண்டரின், தமிழ் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் அடிப்படை அறிவு. உங்கள் மனைவிக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும் என்றால் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, வழக்கறிஞர் எப்போது தேவை? குற்றத் தீர்ப்பு ஏதாவது இருந்தால், மணவிலக்கு ஆகிப் பிள்ளையின் பராமரிப்புரிமையில் சிக்கல் இருந்தால், தத்தெடுத்த பிள்ளை என்றால், பழைய வேலை அனுமதி விண்ணப்பத்தில் தவறான தகவல் போயிருந்தால். இவற்றில் எதுவும் இல்லாதவர் வழக்கறிஞருக்குக் கொட்டிக் கொடுப்பது வீண். குடியுரிமை வழங்குவது அரசாங்கத்தின் விருப்புரிமை. வாதாடி வெல்ல அங்கே எதிர்த்தரப்பும் இல்லை, விசாரணையும் இல்லை. ‘என்னிடம் வழக்கறிஞர் இருக்கிறார்’ என்று ஆலோசகர் சொன்னால் அவர் பெயரைக் கேட்டு வாங்குங்கள். இங்கே தொழில் செய்ய நடப்பு உரிமச் சான்றிதழ் அவரிடம் உண்டா என்பதைச் சட்ட அமைச்சின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். பெயரைச் சொல்லத் தயங்கினால் வழக்கறிஞரே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் வேலைவாய்ப்பு முகவர் உரிமத்தைக் காட்டி மயக்குவதும் உண்டு. அது மனிதவள அமைச்சு ஆள்சேர்ப்புக்குத் தருவது. குடியுரிமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உங்களுக்கு ஒரு சட்டத்துறை ஆள் தேவைப்படுவது பெயர் விஷயத்துக்கு மட்டும். அதுவும் ஒரு மணி நேர வேலை.

நம் ஊர்த் தாள்களில் இது தீராத தலைவலி. பிறப்புச் சான்றிதழில் ‘குமரேசன், தந்தை கோவிந்தசாமி’ என்றிருக்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ‘கோ. குமரேசன்’. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்ப் பெட்டியில் அப்பா பெயர் ஏறி, ‘கோவிந்தசாமி குமரேசன்’ ஆகிவிடும். நமக்கு மூன்றும் ஒரே ஆள். கோப்பைப் புரட்டும் அதிகாரிக்கு மூன்று ஆள். இதற்காகக் கடவுச்சீட்டைத் திருத்தக் கிளம்பாதீர்கள். உங்கள் நீல அடையாள அட்டை, வரிக் கணக்கு எல்லாம் கடவுச்சீட்டுப் பெயரைப் பின்பற்றியே நிற்கின்றன. அதை மாற்றினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அதற்குப் பதில் சத்தியப்பிரமாண ஆணையர் ஒருவர் முன்னிலையில் சட்டபூர்வ உறுதிமொழி ஒன்று செய்துகொள்ளுங்கள். ஒவ்வோர் ஆவணத்தின் பெயர், எண், வெளியான தேதி, அதில் உங்கள் பெயர் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறது என்பதை வரிசையாக எழுதி, ‘இவை அனைத்தும் என்னையே குறிக்கின்றன’ என்று முடிக்க வேண்டும். ‘பெயரில் சிறு வேறுபாடு உள்ளது’ என்று மொட்டையாக எழுதினால் பிரயோசனம் இல்லை.

பிறப்புச் சான்றிதழில் பெயர்க் கட்டமே காலியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தக் காலத்தில் பெயர் வைக்கும் முன்பே பதிவு செய்த பிள்ளைகளுக்கு அப்படித்தான் இருக்கும். ஊரில் பிறப்புப் பதிவாளரிடம் பெயரைச் சேர்த்துப் புதிய நகல் வாங்க வேண்டும். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் மொழிபெயர்ப்பு தேவை. சும்மா தட்டச்சு செய்த தாள் போதாது, தூதரகச் சான்றோ நோட்டரி சான்றோ இருக்க வேண்டும். இங்கேதான் பலர் புதிதாக ஒரு குழப்பத்தை விலை கொடுத்து வாங்குகிறார்கள். மொழிபெயர்ப்பாளர் உங்கள் தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் தமக்குத் தோன்றிய எழுத்தில் எழுதிவிடுவார். மூன்று பெயர் நான்காகிவிடும். வேலையைக் கொடுக்கும்போதே கடவுச்சீட்டு நகலையும் கொடுத்து, அதே எழுத்துகளில் எழுதச் சொல்லுங்கள்.

நிராகரிப்புக்குக் காரணம் சொல்வதில்லை என்பது எரிச்சலான விஷயம்தான். ஓராண்டு காத்திருந்தவருக்கு ஒரு வரி விளக்கம் தந்தால் தேக்காவில் பாதி ஆலோசகர்கள் கடையைச் சாத்த வேண்டியிருக்கும். அந்த மௌனத்தில்தான் அவர்கள் பிழைக்கிறார்கள். பார்க்கப்படுபவை என்னென்ன என்பது மட்டும் தெரியும்: சிங்கப்பூரர்களுடன் குடும்பப் பிணைப்பு, பொருளியல் பங்களிப்பு, தகுதி, வயது, குடும்ப விவரம், இங்கே வாழ்ந்த காலம். எதற்கு எத்தனை மதிப்பெண் என்று யாரும் வெளியே சொன்னதில்லை. சொல்வதாகப் பாவனை செய்பவர் கதை விடுகிறார். 2023இல் சுமார் 23,500 பேருக்குக் குடியுரிமை கிடைத்தது. சம்பளம், பதவி, மனைவியின் வேலை, மகனின் உள்ளூர்ப் படிப்பு என்று சென்ற முறைக்குப் பிறகு ஏதாவது உண்மையாகவே மாறியிருந்தால் மறுபடி போடுங்கள். எதுவும் மாறாமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுவது 100 வெள்ளிக்குக் கேடு. நிராகரிப்பால் நிரந்தரவாசத் தகுதி போய்விடாது. ஆனால் பழைய விண்ணப்பத்தில் எழுதியது அவர்கள் கையில் இருக்கிறது, அதோடு முரண்படாதீர்கள். சம்பளத்தைக் கூட்டிப் போடலாம் என்று ஆலோசகர் யோசனை சொன்னால், பொய்த் தகவல் தந்து பெற்ற குடியுரிமையைப் பின்னால் பறிக்க அரசமைப்புச் சட்டத்தின் 129ஆம் பிரிவு இடம் தருகிறது என்பது நினைவிருக்கட்டும். மாட்டிக்கொள்பவர் நீங்கள், அவரல்ல.

இனி பையன். உங்கள் மனைவியின் தயக்கம் ஆறு ஆண்டு தாமதம். பெற்றோரைச் சார்ந்து நிரந்தரவாசியான நாளிலேயே அவனுக்குத் தேசிய சேவைக் கடமை வந்துவிட்டது. நீங்கள் குடியுரிமை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பதினாறரை வயதில் பதிவு செய்யச் சொல்லி அழைப்பு வரும். 18 வயதிலிருந்து இரண்டு ஆண்டு முழுநேரச் சேவை. செய்யாமல் நிரந்தரவாசத்தைத் துறந்தால், பின்னாளில் அவன் இங்கே படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பிக்கும்போது அது குறுக்கே நிற்கும். 13 வயதைத் தாண்டிவிட்டதால், பிளஸ் டூ படிக்க ஊருக்கு அனுப்புவது போல மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருந்தால் வெளியேறும் அனுமதி தேவை. பாட்டி வீட்டில் விட்டுவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

ஆனால் அவன் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நீங்களும் மனைவியும் புதிய குடிமக்களுக்கான குடியுரிமைப் பயணத் திட்டத்தை முடித்து, பழைய குடியுரிமையைத் துறந்து, விசுவாசப் பிரமாணம் எடுப்பீர்கள். அந்தத் திட்டம் 16 முதல் 60 வயது வரை உள்ளவர்களுக்கு. ஒப்புதல் கடிதம் வந்து இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும். மகனுக்கு இப்போது அதுவும் இல்லை, பிரமாணமும் இல்லை, சிறுவனாகவே பதிவாகிவிடுவான். இங்கே பெற்றோர் ‘எல்லாம் முடிந்தது’ என்று கோப்பைக் கட்டி வைத்துவிடுகிறார்கள். முடியவில்லை. 21 வயது ஆனபின், 22ஆவது பிறந்தநாளுக்கு முன் அவனே பிரமாணம் எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் சிங்கப்பூர்க் குடியுரிமை போய்விடும். சேவையை முழுதாகச் செய்து முடித்தவனுக்கும் இதே விதிதான். இந்தியப் பக்கம் திரும்பலாம் என்றால், பெற்றோர் குடியுரிமையைத் துறக்கும்போது இந்தியச் சட்டப்படி வயது வராத பிள்ளையின் குடியுரிமையும் கூடவே போய்விடுகிறது. அதைத் திரும்பக் கேட்க 18 வயது ஆனபின் ஓராண்டுதான் அவகாசம். ஆக 19இல் அந்தக் கதவும் 22இல் இந்தக் கதவும் மூடிக்கொள்ளும். இரண்டு நாடும் இல்லாமல் நிற்பான். அவன் பல்கலைக்கழகத் தேர்விலோ வெளிநாட்டுப் பயிற்சியிலோ இருக்கும் வயது அது. வீடு மாறினால் அறிவிப்புக் கடிதம் பழைய முகவரிக்குப் போகும். அவன் 21ஆவது பிறந்தநாளை இப்போதே உங்கள் இருவர் கைபேசியிலும் குறித்து வையுங்கள்.

கடைசியாக இந்தியத் தாள்கள். ஐசிஏவின் ஒப்புதல் கடிதம் கைக்கு வரும்முன் இந்தியத் தூதரகத்தில் எதையும் ஒப்படைக்காதீர்கள். வந்தபின் அதில் சொல்லியிருக்கும் வரிசைப்படியே செய்யுங்கள். கடவுச்சீட்டை ரத்து செய்ததற்கும் சிங்கப்பூரின் சிவப்புக் கடவுச்சீட்டு கைக்கு வருவதற்கும் இடையில் பயணம் வைக்காதீர்கள்; தீபாவளி டிக்கெட்டை அதற்கு முன்பே எடுத்துவிட்டுத் தவிப்பவர்கள் ஏராளம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டைக் கட்டணம் 275 அமெரிக்க டாலருக்கு ஈடான வெள்ளி. அந்த அட்டையை வைத்துத் தஞ்சாவூரில் புதிதாக வயல் வாங்க முடியாது. அப்பா வழியில் வரும் நிலத்தை வைத்துக்கொள்ளலாம். ஓசிஐக்கும் அதுவரை தேவைப்படும் விசாவுக்கும் குடியுரிமைத் துறப்புச் சான்றிதழைக் கேட்பார்கள். மூலத்தைக் கொடுக்கும் முன் மூவருடையதையும் தனித்தனியாக ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.