வீடிழந்தோருக்கான தங்குமிட ஆய்வு: உதவித்தொகைக்கு எந்தத் தலைப்பைக் கொடுப்பது?

கேள்வி கேட்டவர் கட்டடக்கலையில் முதுகலை படிக்கிறார் என்று புரிந்துகொள்கிறேன். பேரிடராலும் போராலும் வீடிழந்தவர்களுக்கான தங்குமிடம், குடியிருப்பு குறித்த ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கப் போகிறார். எளிதில் பிரித்துக் கட்டக்கூடிய புதிய தற்காலிக வீடு ஒன்றின் வடிவமைப்பைத் தலைப்பாகக் கொடுக்கலாமா, இந்தத் துறையில் பிற்பாடு வேலை கிடைக்குமா என்று கேட்கிறார். முதல் கேள்விக்கு என் பதில், கொடுக்காதீர்கள் என்பதே. இதே துறையில் உதவித்தொகை பெற்று ஆய்வு செய்தவள் என்ற முறையில் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அதற்கு முன்பு ஒன்று. வடிவமைப்பே வீண் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நானும் கட்டடக்கலை படித்தவள்தான், வரைபலகையை விட்டு ஓடியவள் அல்லள். ஆனால் புதிய கூடாரம், புதிய மடக்கு வீடு என்னும் வகையில் இத்துறையில் பற்றாக்குறை ஒன்றும் இல்லை. ஐக்கியா அறக்கட்டளையின் ஆதரவோடு ஐ.நா. அகதிகள் ஆணையத்துடன் இணைந்து உருவாக்கப்பட்ட ‘பெட்டர் ஷெல்டர்’ என்னும் தற்காலிக வீடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் பரப்பு 17.5 சதுர மீட்டர். ஓர் ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் கூரையிட்ட இடம் வேண்டும் என்னும், நிவாரணப் பணிக்கான பன்னாட்டுத் தர வழிகாட்டியான ஸ்பியர் கையேட்டின் குறைந்தபட்ச அளவை ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்குப் பெருக்கிப் பார்த்தால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரியும். லண்டன் டிசைன் மியூசியம் 2016ஆம் ஆண்டின் சிறந்த வடிவமைப்பு விருதை அதற்கு வழங்கியது. அதற்கு முன்பே, 2015இன் இறுதியில், ஜூரிச் நகர நிர்வாகம் தீப்பாதுகாப்புச் சோதனையின் முடிவைக் கண்டு, அதை அகதிகளுக்குப் பயன்படுத்தும் திட்டத்தைக் கைவிட்டிருந்தது. அத்தனை பணமும் ஆய்வுக்கூடமும் பின்னால் இருந்த ஒரு வடிவமைப்புக்கே இந்த நிலை என்றால், ஓராண்டு உதவித்தொகையில் முதுகலை மாணவர் ஒருவர் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பேரிடருக்குப் பிந்தைய தங்குமிடத்தில் முதன்மையான வளம் பாதிக்கப்பட்ட மக்களின் சொந்த முயற்சியும் அவர்களுடைய உற்றார் உறவினரின் உதவியுமே என்று ஐ.நா.வின் பேரிடர் நிவாரண ஒருங்கிணைப்பு அலுவலகம் 1982இலேயே வழிகாட்டு நெறி வெளியிட்டுவிட்டது. அந்த முயற்சி எங்கே, எதனால் தடைபடுகிறது என்பதுதான் இன்னமும் போதிய அளவு ஆராயப்படாத பகுதி.

என் ஆய்வு கஜா புயலைப் பற்றியது. 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த அந்தப் புயல், கூரை வீடுகளையும் தென்னந்தோப்புகளையும் ஒருசேரச் சாய்த்தது. நிவாரணமாக முதலில் வந்தது தார்ப்பாய். உலகெங்கும் வழங்கப்படும் தார்ப்பாயின் அளவு பெரும்பாலும் 4 மீட்டருக்கு 6 மீட்டர், அதாவது 24 சதுர மீட்டர். காகிதத்தில் ஒரு குடும்பத்துக்கு அது தாராளம். ஆனால் நடுவில் நீளவாக்கில் ஒரு கழியைக் கிடத்தி, இரு பக்கமும் 45 பாகைச் சரிவில் தரைவரை இழுத்துக் கட்டினால், உள்ளே கிடைப்பது சுமார் 17 சதுர மீட்டர் தரை. நட்ட நடுவிலும் உயரம் ஒன்றரை மீட்டரை எட்டாது. வளர்ந்த ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத அந்த இடத்தில்தான் அடுப்பும் படுக்கையும் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களும் இருந்தன. நன்கொடை கொடுத்தவர்களைக் குறை கூற இதைச் சொல்லவில்லை. அந்தத் தார்ப்பாய் வராமல் இருந்திருந்தால் மழையில் இன்னும் மோசமாகியிருக்கும்.

நான் கேட்க விரும்பியது வேறு. சில வாரங்களுக்கு என்று கொடுக்கப்பட்ட தார்ப்பாயின் கீழ் சிலர் மட்டும் ஏன் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறார்கள்? அடுத்தடுத்த வீடுகளில், ஒரே தொழில் செய்து, ஒரே அளவு இழந்தவர்களில் ஒருவர் கான்கிரீட் கூரைக்கு மாறியிருப்பார், மற்றவர் மறுபடியும் கீற்றுக்கே திரும்பியிருப்பார். நான் சென்ற ஊர்களில் இந்த வேறுபாட்டின் வேர் பெரும்பாலும் மனையில் இருந்தது. வேதாரண்யம் வட்டாரத்தில் கோயிலுக்குச் சொந்தமான நிலம் ஏராளம். அதில் அடிமனை வாடகைக்கு, அதாவது மனைக்கு மட்டும் வாடகை செலுத்தி, வீடு கட்டித் தலைமுறைகளாகக் குடியிருப்பவர்களும் பலர். பிரதமரின் கிராமப்புற வீட்டு வசதித் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு ஒன்றிய அளவில் வகுத்த உதவித்தொகை 1.20 லட்சம் ரூபாய், குறைந்தபட்சப் பரப்பு 25 சதுர மீட்டர். ஆனால் பட்டா காட்ட முடியாதவருடைய மனு அலுவலக மேசையைத் தாண்டுவது கடினம். பட்டா இல்லாத மனையில் எந்த மடக்கு வீட்டைக் கொண்டுபோய் வைத்தாலும் அது அந்த மனையின் சிக்கலையும் சேர்த்தே சுமக்கும். உப்பளத்தில் வேலை செய்த ஒரு மூதாட்டி, நான் டேப்பை எடுத்தபோது, “அளந்துகிட்டுப் போனவங்க யாரும் திரும்பி வரலைம்மா, நீயும் அளந்துக்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேதான் சொன்னார்.

இதே மாவட்டத்தில் 2004 சுனாமிக்குப் பின் நடந்ததை இதனோடு ஒப்பிட்டதே என் ஆய்வின் மையப் பகுதி. 2005 மார்ச் இறுதியில் தமிழக அரசு வெளியிட்ட ஆணையின்படி, மனையை அரசு ஒதுக்கியது. ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்பில் வீட்டைத் தொண்டு நிறுவனங்கள் கட்டின. உரிமை கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதப்பட்டது. அந்தத் திட்டத்திலும் குறைகள் பல. தார் அட்டையால் அமைத்த தற்காலிகக் குடியிருப்புகள் வெயிலில் கொதித்தன. பல நிறுவனங்கள் ஒரே அச்சில் வார்த்த வீடுகளை வரிசையாக அடுக்கின, நிழல் மரங்கள் வெட்டப்பட்டன, கடலிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் போவதா வேண்டாமா என்ற தெரிவு மீனவருக்குப் பெயரளவில்தான் இருந்தது. ஆயினும் மனை யாருடையது என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைத்த பிறகே சுவர் எழுந்தது. கஜாவில் அந்தக் கேள்வியை யாரும் தொடவில்லை. உயிரிழப்பு குறைவாக இருந்ததும், வெளிநாட்டு நிதி பெருகி வராததும் காரணங்களாக இருக்கலாம். மீனவப் பஞ்சாயத்துகளைப் போல ஒரே குரலில் பேசக்கூடிய அமைப்பு உப்பளத் தொழிலாளர்களுக்கு இல்லாததும் ஒரு காரணம் என்பது என் கருத்து. இதை மறுப்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்கட்டும்.

இடைமதிப்பீட்டின்போது குழுவில் இருந்த ஒரு பேராசிரியர், இது வருவாய்த் துறை விவகாரம், இதில் கட்டடக்கலை எங்கே, வரைபடம் எங்கே என்று கேட்டார். வீடுகளின் அளவுகளையும், ஒவ்வொரு குடும்பமும் தார்ப்பாயை எந்த மாதத்தில் எதனால் மாற்றியது என்பதையும் வரைந்தே காட்டியிருந்தேன். அவர் எதிர்பார்த்தது முப்பரிமாணப் படம். அதே பருவத்தில் மடக்கு வீடு ஒன்றின் வண்ணப் படங்களைக் காட்டியவருக்குக் கைதட்டல் கிடைத்தது. பொறாமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். அந்த வீட்டில் அடுப்பு எங்கே இருக்கும் என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியாவில் முனைவர் பட்டத்துக்கு என்றால், கட்டடக்கலை படித்தவர்களுக்கு ‘கேட்’ (GATE) என்னும் தேசியத் தகுதித் தேர்வும், சமூகப்பணி, புவியியல் போன்ற துறையினருக்கு ‘நெட்’ (NET) என்னும் தேசியத் தகுதித் தேர்வும் பொதுவான வாயில்கள். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். மும்பையில் டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் பேரிடர் ஆய்வுப் பள்ளியும், இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ் பல்கலைக்கழகத்தின் செண்டெப் (CENDEP) என்னும் மேம்பாடு, அவசரகாலப் பணி மையமும் இத்துறையில் பெயர் பெற்றவை. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு ஈராண்டுப் பணி அனுபவம் வேண்டும் என்பதால் படிப்பை முடித்த கையோடு அதற்கு விண்ணப்பிக்க இயலாது.

வேலையைப் பொறுத்தவரை, இப்போது காலம் சரியில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. இத்துறைக்குப் பெருமளவில் நிதி அளித்துவந்த அமெரிக்க அரசின் அயலுதவி அமைப்பான யுஎஸ்எய்டு 2025 ஜூலை 1ஆம் நாளோடு செயல்பாட்டை நிறுத்திக்கொண்டது. பன்னாட்டு நிறுவனங்களின் தங்குமிடப் பிரிவுகள் ஆட்களைக் குறைத்துவருகின்றன. வெளிநாட்டுப் பணியை மட்டுமே மனத்தில் வைத்து இந்த ஆய்வுக்குள் வராதீர்கள். பட்டா, வீட்டு வசதித் திட்டம், உள்ளாட்சி நடைமுறை ஆகியவற்றை அறிந்தவர்களுக்கு மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் தேவை இருக்கிறது. நானும் இப்போது அப்படிப்பட்ட பணியில்தான் இருக்கிறேன். சம்பளம் சுமார்தான்.

கடைசியாக, விண்ணப்பத்தின் செலவுப் பட்டியலைப் பற்றி. ஆய்வு முடிவுகளைத் தமிழில் அச்சிட்டு அந்தந்த ஊரில் கூட்டம் போட்டு விளக்குவதற்கும், அதற்கான பயணத்துக்கும் தனி வரி எழுதுங்கள். என் பட்டியலில் அதை ‘ஆய்வுக்குத் தொடர்பற்றது’ என்று அடித்துவிட்டார்கள். பிறகு உதவித்தொகையே மாதக்கணக்கில் நிலுவையில் நின்றபோது அந்தப் பயணத்தைச் சொந்தக் காசில்தான் முடித்தேன். அடித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தர வேண்டும் என்றால் பெரும்பாலும் அடிக்க மாட்டார்கள்.