கட்டத்தில் புள்ளி எழுத்து வந்து மாட்டினால்

வணக்கம்ங்க. வாரம் ஒரு கார்ட்டூன், ஒரு குறுக்கெழுத்து என்று தொடங்கி, எட்டாவது வாரம் கட்டம் நிரம்பாமல் நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் போட்ட கட்டத்தைப் பார்த்தேன். ஈரோட்டுக்காரர் என்பதால் 'மஞ்சள்' முதலில் வந்துவிட்டது, சரி. ஆனால் அதன் 'ள்' கட்டத்திலிருந்து கீழே ஒரு சொல்லைத் தொடங்கப் பார்க்கிறீர்கள். தமிழில் எந்தச் சொல்லும் புள்ளி எழுத்தில் தொடங்காதே! அந்த இடத்தில் இன்னொரு சொல்லை முடியுங்கள். மேலிருந்து கீழாக 'திங்கள்' வந்தால் இரண்டும் 'ள்'ளில் சேர்ந்துவிடும். நடுவில் வரும் புள்ளி எழுத்தும் இப்படித்தான்: 'தக்காளி'யும் 'பாக்கு'ம் 'க்'கில் வெட்டிக்கொள்ளும்.

முதல் சொல்லாகப் புள்ளியே இல்லாததை எடுங்கள். 'அவிநாசி' எனக்கு ரொம்பப் பிடித்த சொல். நான்கு எழுத்திலும் சொல் தொடங்கும்: அமராவதி, விசைத்தறி, நாமக்கல், சிறுவாணி. பக்கத்துப் பக்கத்தில் இறக்கினால் இடிக்கும், ஒன்றுவிட்டு ஒன்று இறக்குங்கள். ட, ண, ழ, ள, ற, ன வரிசை எழுத்துகளில் தமிழ்ச் சொல் தொடங்குவதில்லை என்பதால், ஒரு சொல் தொடங்க வேண்டிய கட்டத்தில் அவற்றை விடாதீர்கள்.

அப்புறம், கார்ட்டூனில் எல்லா முகமும் ஒன்றுபோல வருகிறது என்றீர்களே, கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்கு ஒரு நோட்டோடு போங்கள். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். கை தெரியாது, பேச்சு இல்லை, எல்லாம் முகத்தில்தான் நடக்கும். புருவத்தை மட்டும் பத்துப் பேருக்கு வரையுங்கள். வரைந்ததை இங்கே போடுங்கள், ஆசையாகப் பார்ப்பேன்.