வறட்சிக்கு எந்த ஜெல்? மெனோபாஸ் வயதுப் பெண்களின் கேள்விகளும் பதில்களும்

மாதவிடாய் நிற்கும் வயதில் வரும் பிறப்புறுப்பு வறட்சியைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம் என்றும் சொல்லியிருந்தீர்கள். சரி, இரண்டையும் எடுத்துவிட்டேன். மகளிர் நோய் மருத்துவராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு 49 வயது. மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. உறவின்போது எரிச்சலும் வலியும் இருக்கின்றன. கடையில் கேட்டால் கைக்குக் கிடைத்த ட்யூபை எடுத்துக் கொடுக்கிறார்கள். எதை வாங்குவது?

முதலில் ஒன்று சொல்லுங்கள். தொந்தரவு உறவின்போது மட்டுமா? இல்லை, நடந்தாலும் உட்கார்ந்தாலும் உறுத்துகிறதா?

உறவின்போது மட்டும் என்றால் லூப்ரிகன்ட் போதும். அந்த நேரத்து உராய்வைக் குறைப்பதுதான் அதன் வேலை, மறுநாளுக்கு அது உதவாது. நாள் முழுக்க உறுத்தினால் யோனிக்கென்றே விற்கும் மாய்ஸ்சரைசர் வேண்டும். உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரம் 2, 3 முறை இரவில் உள்ளே வைக்க வேண்டும். ஹையலூரோனிக் அமிலம் அல்லது பாலிகார்போஃபில் சேர்ந்ததாகப் பாருங்கள். இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகிறவர்களும் உண்டு.

இன்னொன்று. உடம்பில் திடீரென்று சூடு பரவி வியர்ப்பது பலருக்குச் சில வருடங்களில் அடங்கிவிடும். வறட்சி அப்படித் தானாகப் போகாது, கவனிக்காவிட்டால் கூடிக்கொண்டே போகும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததால் யோனியின் உட்தோல் மெலிந்துவிடுகிறது, அதுதான் காரணம். "வயசானா இப்படித்தான்" என்று யாராவது சொன்னால் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள்.

தண்ணீர் சேர்ந்த ஜெல் என்று போட்டிருந்ததை வாங்கினேன். போட்டதும் இன்னும் எரிகிறது. எனக்கு மட்டும்தானா?

உங்களுக்கு மட்டும் இல்லை. ட்யூபின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். தண்ணீருக்கு அடுத்தே கிளிசரின், புரோப்பிலீன் கிளைகால் என்று வந்தால் அவை அதிக அளவில் இருக்கின்றன என்று அர்த்தம். அவை வழவழப்பாகத்தான் இருக்கும், ஆனால் செல்களிலிருந்து தண்ணீரை இழுத்துவிடும். ஏற்கெனவே மெலிந்த தோல் அதனால் எரியும். இந்த இழுக்கும் சக்தியை ஆஸ்மோலாலிட்டி என்ற அளவால் சொல்வார்கள். அது கிலோவுக்கு 380 மில்லி ஆஸ்மோலுக்குள் இருந்தால் நல்லது, 1200ஐத் தாண்டவே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2012இல் ஓர் ஆலோசனைக் குறிப்பில் சொன்னது. பல ட்யூப்களில் இந்த எண் இருக்காது, அதனால்தான் பொருட்களின் வரிசையைப் பார்க்கச் சொல்கிறேன்.

அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு போட்டிருந்தால் 4.5க்குப் பக்கத்தில் இருப்பதை எடுங்கள். சூடேற்றும் ஜெல், குளிர்ச்சி தரும் ஜெல், ஸ்ட்ராபெர்ரி வாசனை ஜெல் எதுவும் வேண்டாம். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி சேர்ந்ததும் வேண்டாம், உள்ளே இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் அது கொன்றுவிடும். புதிதாக எதை வாங்கினாலும் முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

தண்ணீர் ஜெல் பாதியிலேயே காய்ந்துவிடுகிறது. சிலிக்கோன் நல்லதா?

நல்லதுதான். தோலுக்குள் இறங்காது, சீக்கிரம் காயாது, ஆணுறையையும் கெடுக்காது. மெல்லிய தோல் உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வதே இதைத்தான். பட்டியலில் டைமெத்திகோன் போல 'கோன்' என்று முடியும் பெயர்கள் இருக்கும். விலை கூடுதல், ஆனால் சில சொட்டே போதும். படுக்கை விரிப்பில் பட்டால் கறை லேசில் போகாது, பழைய துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள்.

தேங்காய் எண்ணெய் போதாதா? எனக்கு 46 வயது, மாதவிடாய் தாறுமாறாக வருகிறது, ஆணுறை பயன்படுத்துகிறோம்.

ஆணுறை என்றீர்களே, அப்படியானால் கூடாது. எந்த எண்ணெயும் லேடெக்ஸ் ஆணுறையைப் பலவீனமாக்கிக் கிழித்துவிடும். தாறுமாறாக வந்தாலும் உங்களுக்குக் கரு தங்க வாய்ப்பு இருக்கிறது. 50 வயதுக்கு முன் மாதவிடாய் நின்றால் அதற்குப் பிறகும் 2 வருடம், 50க்கு மேல் என்றால் 1 வருடம் கருத்தடை தேவை.

ஆணுறை தேவைப்படாதவர்கள் வாசனை சேர்க்காத சுத்தமான தேங்காய் எண்ணெயைப் பயன்படுத்தலாம், பலருக்கு ஒத்துக்கொள்கிறது. அடிக்கடி வெள்ளைப்படுதலும் அரிப்பும் வருகிறவர்கள், முக்கியமாகச் சர்க்கரை நோய் உள்ளவர்கள், தவிர்ப்பது நல்லது. வாசலின் வேண்டாம். தொட்டிக் கற்றாழையை வெட்டி வைப்பதும் வேண்டாம், அதன் மஞ்சள் பால் புண்ணாக்கிவிடும்.

மரத்துப்போகும் ஜெல் கொடுத்தார்கள். வலியே தெரியவில்லை. தொடரலாமா?

நிறுத்துங்கள். அது லிக்னோகெயின் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்து, லூப்ரிகன்ட் இல்லை. வலி தெரியாவிட்டால் தோல் கிழிவதும் தெரியாது, கணவருக்கும் மரத்துப்போகும்.

கணவர் ஒருவர்: ஜெல் வாங்கலாம் என்றால் மனைவி சங்கடப்படுகிறார். அவருக்கு விருப்பமே இல்லையோ என்று எனக்கும் தோன்றுகிறது.

ஐயா, ஈரம் வேறு, விருப்பம் வேறு. ஆசை இருந்தும் ஈரம் வராமல் இருப்பதுதான் இந்த வயதின் சிக்கலே. அலர்ஜிக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளும், மனச்சோர்வுக்கான சில மருந்துகளும்கூட வறட்சியைக் கூட்டும். ஒவ்வொரு முறையும் வலித்தால் அடுத்த முறை நினைக்கும்போதே உடம்பு இறுகிவிடும். நீங்களே போய் வாங்கி வாருங்கள், பாதிச் சங்கடம் அங்கேயே தீரும். அவசரப்படாமல் இருப்பதும் உங்கள் கையில்தான்.

ஹார்மோன் க்ரீம் எழுதிக் கொடுத்தார்கள். புற்றுநோய் வருமோ என்று பிரிக்காமலே வைத்திருக்கிறேன்.

உள்ளே வைக்கும் எஸ்ட்ரியால் (ஒருவகை ஈஸ்ட்ரோஜன்) க்ரீமில் மருந்து மிகக் குறைவு, ரத்தத்தில் சேர்வதும் மிகக் கொஞ்சம். ஹார்மோன் மாத்திரைக்குச் சொல்லும் பயத்தை இதற்கு அப்படியே பொருத்த வேண்டாம். வழக்கமாக முதல் 2 வாரம் தினமும், பிறகு வாரம் இருமுறை. முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், அதுவரை லூப்ரிகன்ட் துணைக்கு இருக்கட்டும். அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருவதும் இதனால் குறையும். உறவுக்குச் சற்று முன்னால் இதை வைக்காதீர்கள்.

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்து லெட்ரோசோல் சாப்பிடுகிறேன். நானும் அந்த க்ரீம் போடலாமா?

நீங்களாக ஆரம்பிக்கவே கூடாது. உடம்பில் ஈஸ்ட்ரோஜனை அடியோடு குறைப்பதுதான் லெட்ரோசோலின் வேலை, உங்கள் வறட்சி கடுமையாக இருப்பதும் அதனால்தான். ஹார்மோன் இல்லாத மாய்ஸ்சரைசர், சிலிக்கோன் லூப்ரிகன்ட் இரண்டையும் முதலில் பாருங்கள். போதவில்லை என்றால் புற்றுநோய் மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அவராகக் கேட்கமாட்டார்.

மாதவிடாய் நின்று 3 வருடம். உறவுக்குப் பிறகு துளி ரத்தம் பட்டது. வறட்சிதானே?

வறட்சியாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு வருடம் நின்ற பிறகு துளி ரத்தம் பட்டாலும் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். கர்ப்பப்பை, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்கள் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் வறட்சி என்று சொல்ல முடியும். ஜெல்லைப் பிறகு பார்க்கலாம், இந்த வாரமே போய்க் காட்டுங்கள்.