சரடோகா: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கப் புரட்சியின் போக்கையே மாற்றியது, ஆங்கிலப் படையை அமெரிக்கர்கள் மடக்கிய 1777 சரடோகா வெற்றி என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் அதே குளிர்காலத்தில்தான் வாஷிங்டனின் படை வேலி ஃபோர்ஜ் முகாமில் பசியும் நோயுமாகக் கிடந்தது. ஆங்கிலேயர் தோற்றுச் சரணடைந்து போரின் முடிவு தெரிந்த யார்க்டவுனுக்கு இன்னும் 4 ஆண்டு பாக்கி. அப்புறம் என்ன திருப்பம்?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

களத்தை மட்டும் பார்த்தால் நீங்கள் கேட்பது சரிதான். சரடோகாவின் பலன் கிடைத்தது பாரிஸில்.

ஆங்கிலத் தளபதி பர்காயின் கனடாவிலிருந்து இறங்கி நியூயார்க் பகுதியிலுள்ள ஆல்பனி நகரைப் பிடிக்க வேண்டும், தெற்கிலிருந்து இன்னொரு படை வந்து சேரும் என்பது ஆங்கிலேயர் போட்ட கணக்கு. தெற்கிலிருந்த ஆங்கிலத் தளபதி ஹோவோ அமெரிக்கர்களின் தலைநகரான பிலடெல்பியாவைப் பிடிக்கக் கப்பலேறிவிட்டார். பின்வாங்கிய அமெரிக்கர்கள் மரங்களை வெட்டிப் பாதையில் சாய்த்தார்கள், பாலங்களை உடைத்தார்கள். வழியிலிருந்த எட்வர்ட் கோட்டைக்கு முந்தைய சுமார் 40 கிலோமீட்டரைக் கடக்கவே பர்காயினுக்கு ஏறக்குறைய மூன்று வாரம் ஆனது. அக்டோபர் 17 அன்று கிட்டத்தட்ட 6,000 பேருடன் அமெரிக்கத் தளபதி கேட்ஸிடம் சரணடைந்தார். என்னைக் கேட்டால், அந்த வெற்றியில் பாதி கோடரிகளுக்குச் சேர வேண்டும். (களத்தில் பாய்ந்து காலில் குண்டடி பட்ட அமெரிக்கத் தளபதி ஆர்னால்ட் பிறகு ஆங்கிலேயர் பக்கம் போய்விட்டார். சரடோகாவில் அவர் காலணிக்கு நினைவுச் சின்னம் உண்டு, அதில் பெயர் கிடையாது!)

டிசம்பர் 4 அன்று ஆஸ்டின் என்ற அமெரிக்கத் தூதர் பாரிஸை ஒட்டிய பாஸியில் வந்து இறங்கினார். பிலடெல்பியா போய்விட்டதா என்பதுதான் அங்கே பிரான்ஸின் உதவி கேட்டுத் தங்கியிருந்த பிராங்க்ளினின் முதல் கேள்வி. "ஆமாம்" என்ற ஆஸ்டின், அதைவிடப் பெரிய சேதி இருக்கிறது, பர்காயினின் படை முழுக்கக் கைதாகிவிட்டது என்றார். அதுவரை போலி வணிக நிறுவனம் ஒன்றின் பெயரில் அமெரிக்கர்களுக்கு மறைவாக வெடிமருந்து அனுப்பிவந்த பிரான்ஸ், 1778 பிப்ரவரி 6 அன்று அவர்களோடு நேரடியாகவே ஒப்பந்தம் போட்டது. யார்க்டவுனில் கடல்வழியை அடைத்ததும் பிரெஞ்சுக் கப்பல்கள்தான். அவை இல்லாவிட்டால் அங்கிருந்த ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸ் தப்பியிருப்பார்.

நம் பக்கத்துக்கும் இது வந்தது. பிரான்ஸ் போரில் இறங்கியதும் கம்பெனிப் படை 1778 அக்டோபரில் புதுச்சேரியைப் பிடித்தது, அடுத்த ஆண்டு மாஹேயை. மைசூரை ஆண்ட ஹைதர் அலிக்குப் பிரெஞ்சு ஆயுதங்கள் வந்துகொண்டிருந்த துறைமுகம் மாஹே. ஏற்கெனவே கம்பெனிமீது கோபத்தில் இருந்தவருக்குக் கேட்க வேண்டுமா? 1780இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் அவர் படையிடம் கம்பெனித் தளபதி பெய்லியின் படை நொறுங்கியது. 1783 ஜூனில் கடலூர்க் கடலில் பிரெஞ்சு, ஆங்கிலக் கப்பல்கள் மோதியபோது, ஐரோப்பாவில் பூர்வாங்க சமாதானம் கையெழுத்தாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. சேதி ஜூன் கடைசியில்தான் கடலூருக்கு வந்தது, அதன் பிறகே இங்கே சண்டை நின்றது.